லிட்டருக்கு முன்னால் முதுகை அளந்துகொள்ளுங்கள்

காலையில் தொடங்கி மாலை வரை எட்டு, ஒன்பது மணி நேரம் மலைப்பாதைகளில் நடக்க ஆரம்பித்திருப்பதாகவும், அலுவலகத்துக்கு லேப்டாப் கொண்டுபோகும் பையையே இதற்கும் மாட்டிக்கொண்டு போவதாகவும், மதியத்துக்கு மேல் தோளும் கழுத்தும் பிடித்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 20 லிட்டர் பை வாங்குவதா, 30 லிட்டரா, 40 லிட்டரா, எந்த நிறுவனத்துடையது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எத்தனை லிட்டர் என்பது ஒன்று; அதற்கு வீட்டிலேயே அரை மணி நேரத்தில் விடை கண்டுபிடித்துவிடலாம். தோள் ஏன் வலிக்கிறது என்பது இன்னொன்று. அதற்கும் லிட்டருக்கும் அனேகமாகச் சம்பந்தமே இல்லை. உங்கள் முதுகுக்குப் பொருந்தாத 40 லிட்டர் பையை வாங்கினால், இதே வலி மதியம் வரைகூடக் காத்திருக்காது.

மலைநடைக் குழுக்களை வழிநடத்தப் பயிற்சி பெற்று, பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகிறேன். நடை தொடங்கும் முன் வருபவர்களின் பைகளைச் சரிபார்ப்பது அதில் ஒரு பகுதி. ஒரு பை ஒருவருக்கு நாள் முழுக்க இருப்பதே தெரியாமல் இருக்கும். அதே பை, அதே உயரமுள்ள இன்னொருவருக்கு ஒரு மணி நேரத்தில் இடுப்பைத் தேய்த்துவிடும். இதை அடிக்கடி பார்ப்பதால்தான், வாங்க வேண்டிய நிறுவனம் என்று எதையும் சொல்லத் தயங்குகிறேன். நான் மருத்துவன் இல்லை. பனிமலை ஏறுபவர்களின் பைகளும் வேறு கணக்கு. இங்கே சொல்வதெல்லாம் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடுகிற நடைக்கு மட்டும்.

முதலில் லிட்டர். ஒரு முழுநாள் நடைக்குத் தேவையானவை: இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு, குளிருக்கு ஒரு மேலாடை, தலையில் கட்டும் டார்ச், வரைபடம் அல்லது வரைபடம் ஏற்றிய போன், பவர் பேங்க், முதலுதவிப் பொருட்கள், வெயிலுக்குத் தொப்பி, சின்னக் கத்தி, நெருப்புக்கு ஏதாவது ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேற்றச் சங்கமான மௌண்டனீர்ஸ், இப்படிப்பட்ட அத்தியாவசியங்களைப் பத்துப் பொருட்களாகத் தொகுத்து 1974இல் அச்சில் கொண்டுவந்தது. இன்றும் பெரும்பாலான பயிற்சிகளில் அந்தப் பட்டியலின் ஏதோ ஒரு வடிவம்தான் சொல்லித்தரப்படுகிறது. மாலைக்குள் திரும்பப்போகிறவருக்கு டார்ச் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கணுக்கால் பிசகிய ஒருவரைத் தாங்கிக்கொண்டு இறங்கும்போது மூன்று மணி நேரப் பாதை ஆறு மணி நேரமாகிவிடும். டார்ச் அதற்குத்தான்.

இவை அனைத்தும் 20 முதல் 25 லிட்டர் பைக்குள் அடங்கிவிடும். கடுங்குளிர்ப் பகுதி, உடன் வரும் குழந்தையின் பொருட்களையும் நீங்களே சுமக்க வேண்டும், கேமராவும் லென்சும் உண்டு என்றால் 30 லிட்டர். 40 லிட்டர் பை இரவு தங்கும் பயணத்துக்கானது. ஒருநாள் நடைக்கு அதை எடுத்துப்போனால் பாதி காலியாக இருக்கும், உள்ளே இருப்பவை கீழே சரிந்து கிடக்கும். அல்லது காலியாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு பொருட்களைத் திணிப்பீர்கள். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை. எடுத்துப்போகும் பொருட்களை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கிப் பாருங்கள். அவை நிறைக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். 40, 25, 20 என்று வந்தால் 20 லிட்டர். பை பெட்டியைப் போல நேர்மூலைகள் கொண்டதல்ல என்பதால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்; அது 25 ஆகிவிடும். பைமேல் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப் பாக்கெட்டுகளைச் சேர்த்து எண்ணுபவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. அதனால் ஒரே எண் போட்ட இரண்டு பைகளில் ஒன்று மற்றதைவிடச் சின்னதாகத் தெரிந்தால் வியப்படைய வேண்டாம்.

இனி வலிக்கு வருவோம். லேப்டாப் பை பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்காகத் தைக்கப்பட்டது. முழுச் சுமையையும் இரண்டு தோள் வார்கள் தாங்குகின்றன. பை முதுகிலிருந்து விலகிப் பின்னால் தொங்குவதால், அது உங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. விழாமல் இருக்க உடலை முன்னே சாய்க்கிறீர்கள், எதிரே பார்க்கக் கழுத்தை நிமிர்த்துகிறீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை மணிக்கணக்கில் இறுகியபடியே இருக்கிறது. மதியத்துக்கு மேல் பிடித்துக்கொள்வது அதுதான் என்று நினைக்கிறேன். இதிலிருந்து தப்பிக்க வழி, சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் மேல் இறக்கிவைப்பது. கால்களுக்கு எடை போய்ச்சேரும் பாதை அங்கேதான் இருக்கிறது; தோளையும் முதுகெலும்பையும் அதற்காக வருத்த வேண்டியதில்லை. 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டகம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார்; இடுப்பில் எடை இறக்கும் முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1967இல் கிரெக் லோ சட்டகத்தைப் பைக்குள்ளேயே மறைத்துவைத்தார். இன்று நீங்கள் கடையில் பார்க்கும் பைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

ஆனால் இடுப்புப் பெல்ட் இருந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பெல்ட்டுக்கும் தோள் வார்களுக்கும் நடுவே விறைப்பான ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: கம்பி, பிளாஸ்டிக் தகடு, கெட்டியான ஃபோம். அது இல்லாத பையில் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் துணி மடங்குமே ஒழிய எடை இறங்காது. சின்னப் பைகளில் வரும் இரண்டு சென்டிமீட்டர் அகல நாடா, பை ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. ஐந்து கிலோவுக்குக் குறைவாகச் சுமப்பவருக்கு அதுவே போதும். ஆறு ஏழு கிலோவைத் தாண்டும்போது சட்டகமும் மெத்தையிட்ட பெல்ட்டும் உள்ள பைதான் நல்லது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூன்று லிட்டர் எடுத்தாலே அந்த எல்லைக்குப் பாதி தூரம் வந்துவிடுகிறீர்கள்.

அந்தப் பெல்ட் சரியான இடத்தில் உட்கார வேண்டுமானால் முதுகின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். உடல் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். தலையை முன்னே குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு முண்டாகத் துருத்தும். கூட இருக்கும் ஒருவரிடம் அங்கே டேப்பின் நுனியை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பின் இருபுறமும் அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டி, இரண்டையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் வரை டேப்பை இறக்குங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 53 சென்டிமீட்டருக்குள் வரும். இதை நீங்களே தனியாக அளக்க முயலாதீர்கள். கை பின்னால் போனதும் முதுகு வளைந்து அளவு தவறிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அளவுப் பைக்கும் எந்த முதுகு நீளம் பொருந்தும் என்று குறிப்பிடுகிறார்கள். ஒருநாள் பைகள் பல ஒரே அளவில்தான் வருகின்றன. உங்கள் முதுகு மிகக் குட்டையோ நீளமோ என்றால், தோள் வார்களை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய பையைத் தேடுங்கள். பெண்களுக்கான பைகளில் தோள் வார்கள் நெருக்கமாகவும் வளைவாகவும், பெல்ட் சாய்வாகவும் இருக்கும். தோள் குறுகலான ஆண்களுக்கும் அவை நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பொருந்தினால் பைமேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் எதுவும் தெரியாது. காலியாக எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். ஆறு கிலோ அளவுக்கு எடை போடச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையைப் போட்டுக்கொண்டு, முதலில் இடுப்புப் பெல்ட்டைப் பூட்ட வேண்டும். மெத்தையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்வ வேண்டும். வயிற்றுக்கு ஏறினால் மூச்சு திணறும், கீழே இறங்கினால் தொடை தூக்கும்போது இடிக்கும். அதன் பிறகு தோள் வார்களை, பை முதுகை ஒட்டும் வரை மட்டும் இழுங்கள். பெரும்பாலோர் தோள் வாரை முதலில் இறுக்கிவிட்டுப் பெல்ட்டைக் கடைசியில் பூட்டுகிறார்கள். அப்போது எடை ஏற்கெனவே தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, பெல்ட் வெறும் அலங்காரம். மார்பு வார் காறையெலும்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, ஆழ்ந்து மூச்சு விடுமளவுக்குத் தளர்வாக. தோளின் உச்சியிலிருந்து பையின் மேல்பகுதிக்குப் போகும் குட்டி வார்கள் இருந்தால் அவை சுமார் 45 பாகை சாய்வில் நிற்க வேண்டும். 20 லிட்டர் பைகளில் அவை இல்லாவிட்டால் குறையாக நினைக்க வேண்டாம்.

தோள் வலி வேறு, கையில் மரமரப்பு வேறு. விரல்கள் மரத்தாலோ, கையில் பலம் குறைந்தாலோ, தோள் வார் அக்குளுக்கு மேலுள்ள நரம்புக் கொத்தை அழுத்துகிறது என்று பொருள். கனமான பைகளைச் சுமக்கும் ராணுவ வீரர்களிடம் இது மருத்துவப் பதிவுகளில் உள்ள பாதிப்பு. உடனே பையை இறக்குங்கள். சில நிமிடங்களில் சரியாகாமல் அடுத்த நாளும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வார்களை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாக நிற்கக்கூடியவை. இனி இரண்டு விஷயங்களில் அவ்வளவு உறுதி கிடையாது. முதுகுக்கும் பைக்கும் நடுவே வலையை இழுத்துக் கட்டி, காற்று போக இடம்விட்ட பைகளைப் பற்றிக் கடைக்காரர் ஆர்வமாகப் பேசுவார். டாய்ட்டர் என்ற ஜெர்மன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இப்போது எல்லோரும் செய்கிறார்கள். சட்டை குறைவாக நனைகிறது, அதில் சந்தேகமில்லை. அதனால் உடல் முழுவதும் களைப்பு குறையும் என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். இடைவெளிக்காகச் சுமை சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப்போகிறது, வளைந்த சட்டகத்தால் உள்ளே அடுக்குவதும் சிரமம். லேசான சுமை, வெயில் நாள் என்றால் வலை வைத்ததையும், கனமான சுமை, செங்குத்தான பாறை என்றால் முதுகை ஒட்டியதையும் எடுப்பேன். என் விருப்பம், அவ்வளவுதான். இரண்டாவது, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்ற விதி. 60 கிலோ உள்ளவருக்கு ஆறு கிலோ. தொடங்குபவருக்கு நல்ல எல்லைதான்; ஆனால் அது அனுபவத்தில் உருவான ஒரு வசதியான எண், உடலியல் விதி கிடையாது. பாதையின் ஏற்றம், உங்கள் பழக்கம், பையின் பொருத்தம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எல்லையை நகர்த்துகின்றன.

அடுக்கும் விதத்தை இன்னொரு பை வாங்குவதற்குச் சமமாகக் கருதுகிறேன். கனமானவை முதுகை ஒட்டி, தோள் எலும்புகளுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். லேசான மேலாடை அடியில். மழைக்கோட்டு மேலே, மழை வந்ததும் மற்றவற்றைக் கலைக்காமல் கைக்கு வரும்படி. தண்ணீர் ஒரே பக்கப் பாக்கெட்டில் இருந்தால் நாள் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பீர்கள். இரண்டு பாட்டிலாகப் பிரியுங்கள், மாறி மாறிக் குடியுங்கள். பையின் வெளியே கோப்பை, செருப்பு, ஜாடி என்று தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒவ்வோர் அடிக்கும் அது ஆடும், புதரில் மாட்டும், கூட நடப்பவரின் பொறுமையையும் சோதிக்கும். பக்கவாட்டு வார்களை இழுத்துச் சுமையை இறுக்கிவிடுங்கள். பை ஊஞ்சலைப் போல ஆடினால், ஒவ்வோர் அடியிலும் அதை நிறுத்தும் வேலையும் உங்கள் முதுகுக்கே வந்துசேரும்.

பாட்டிலா, குழாய் வைத்த தண்ணீர்ப் பையா என்பதில் பெரிய சண்டை உண்டு. 1989இல் டெக்சாஸில் ஒரு வெயில்காலச் சைக்கிள் போட்டியில், மைக்கேல் ஐட்சன் என்ற மருத்துவ உதவியாளர் சலைன் பையைத் தண்ணீரால் நிரப்பிக் காலுறைக்குள் போட்டுச் சட்டையின் முதுகில் வைத்துக்கொண்டார். குழாய் வைத்த தண்ணீர்ப் பைகளை விற்கும் கேமல்பேக் நிறுவனம் அங்கிருந்து பிறந்தது. நிற்காமல் குடிக்க முடிவதால் அதை வைத்திருப்பவர்கள் ஒழுங்காகக் குடிக்கிறார்கள்; எடையும் முதுகை ஒட்டியே இருக்கிறது. ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது தெரியாது, உறைபனியில் குழாய் அடைத்துக்கொள்ளும், ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நான் பாட்டில் பக்கம். நீங்கள் எதை எடுத்தாலும், பையைக் கழற்றாமல் பாட்டிலை எடுத்துத் திரும்ப வைக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பல பைகள் இந்தச் சோதனையில்தான் தோற்கின்றன. மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்குப் போட்டுத் தொடங்கலாம். தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மழை பற்றிச் சுருக்கமாக. பைமேல் போடும் உறை அரை மணித் தூறலுக்குப் போதும். நாள் முழுக்கப் பெய்தால் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகுப் பக்கத்தை நனைத்துவிடும், அந்தப் பக்கத்தை உறை மூடுவதில்லை. காற்று பலமானால் உறையே பறந்துவிடும். உள்ளே கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, எல்லாவற்றையும் அதில் போட்டு வாயை முறுக்கி மடித்துவிட்டால் பை நனைந்தாலும் பொருட்கள் நனையாது. நனையாத துணி என்று விற்கப்படும் பைகளில்கூடத் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் நீர் புகும். துணியைப் பற்றிப் பேசும்போது வரும் டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். ஒருநாள் நடைக்கு உடல் பகுதி 210 டெனியர் நைலானும், தரையில் உரசும் அடிப்பகுதி அதைவிடக் கெட்டியாகவும் இருந்தால் வெகுநாள் உழைக்கும்.

நடக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் ஒருமுறை நின்று வார்களைச் சரிசெய்யுங்கள். அதற்குள் பொருட்கள் படிந்து, பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு பிடி இறுக்குங்கள். பை முன்னே தள்ளாது. ஓடையைக் கடக்கும்போது மார்பு வாரைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. இடுப்புப் பெல்ட்டைப் பற்றி மட்டும் பயிற்சியாளர்களிடையே ஒருமித்த பேச்சில்லை: விழுந்தால் பை உங்களை அமுக்கும், கழற்றிவையுங்கள் என்பார் ஒருவர், பை மிதக்கும், பூட்டியே வையுங்கள் என்பார் இன்னொருவர். நான் கழற்றச் சொல்லும் பக்கம். பெல்ட் பூட்டியிருந்தால்தான் கடக்க முடியும் என்று தோன்றுமளவுக்கு ஓடை வேகமாக இருந்தால், திரும்பிவிடச் சொல்வேன். மார்பு வாரின் பக்கிளைக் கவனித்துப் பாருங்கள், பல பைகளில் அதிலேயே சின்ன விசில் இருக்கும். ஆல்ப்ஸ் மலையில் வழங்கும் ஆபத்துச் சைகை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுவது, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஊதுவது. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே உதவி கேட்பதாகும். போகும் இடத்து வழக்கத்தைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டுக் கையால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானின் வலுவைக் குறைக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும்.

புதுப் பை வாங்கும் வரை நடையை நிறுத்திவைக்கத் தேவையில்லை. லேப்டாப் பையின் தோள் வார்களை, பையின் அடி இடுப்பெலும்புக்கு மேல் நிற்கும்வரை ஏற்றிக் கட்டுங்கள். உள்ளே லேப்டாப் வைக்கும் இடத்தில் பாயை மடித்தோ அட்டையை வெட்டியோ செருகினால் முதுகுப் பக்கம் கொஞ்சம் விறைக்கும். தண்ணீரை அதை ஒட்டி வையுங்கள். மொத்தம் நான்கு கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அடுத்த முறை நாலைந்து மணி நேரப் பாதையில் மட்டும் போய்ப் பாருங்கள். அப்படியும் வலி வந்தால் அது கழுத்தின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, பையை இறக்கியதும் போய்விட்டதா என்று எழுதுங்கள். முதுகின் அளவையும் சேர்த்து எழுதினால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.